நினைவாற்றல் பரிசோதனையும் தாய்மொழியும்: டிமென்ஷியா குறித்துத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் "அறளை பெயர்தல்" என்றொரு தொடர் உண்டு. வயது முதிர்ந்த ஒருவர் சொன்ன கதையையே மீண்டும் மீண்டும் சொன்னாலோ, சாப்பிட்டுக் கைகழுவிய பின்னர் இன்னும் சாப்பிடவில்லை என்று வாதிட்டாலோ, வீட்டிலுள்ளோர் பாதி கேலியாகவும் பாதி கவலையாகவும் இத்தொடரைச் சொல்லிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கச் செல்வர். இது முதுமையோடு வருவது என்பதும், இதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கும் எண்ணங்கள். இரண்டுமே பிழையானவை. டிமென்ஷியா என்பது மூளையைப் பாதிக்கும் பல்வேறு நோய்களால் உண்டாகும் நிலை. அது முதுமையின் இயல்பான பகுதியன்று. "மறதிநோய்" என்ற சொல்லும் முழுமையானதன்று. சிலரிடம் முதலில் குன்றுவது நினைவாற்றலாக இராது. பேச்சோ, வழியறியும் ஆற்றலோ, ஒரு வேலையை ஒழுங்குபடச் செய்து முடிக்கும் திறனோ, குணமோ முதலில் மாறக்கூடும். ஆகவே இக்கட்டுரையில் டிமென்ஷியா என்ற சொல்லே எடுத்தாளப்படுகிறது.

அவுஸ்திரேலியாவில் இந்நோய் குறித்த ஐயம் எழும்போது குடும்ப மருத்துவர் முதலில் செய்வது ஒரு சிறிய பரிசோதனை. பத்து நிமிட அளவில் முடியும் சில கேள்விகளும் செயல்களும் கொண்டது அது. அதன் முடிவு நோயை உறுதிசெய்வதன்று. மேலும் ஆராய வேண்டுமா என்பதை மட்டுமே காட்டும். ஆயினும் அந்தப் பத்து நிமிடங்களின் புள்ளிகளைக் கொண்டு பல குடும்பங்களில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அப்புள்ளிகள் எதை அளக்கின்றன என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது அவசியம்.

கேள்வி அளப்பது நினைவையா, பள்ளிக்கூடத்தையா?

78 வயதுடைய ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். வன்னியில் பிறந்தவர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வயலையும் மாட்டையும் ஆறு பிள்ளைகளையும் பார்த்தவர், போர்க்காலத்தில் பலமுறை இடம்பெயர்ந்து, இறுதியில் மகனோடு மேற்கு சிட்னிக்கு வந்து சேர்ந்தவர். மருத்துவர் அவரிடம் கேட்கிறார்: இப்போது என்ன பருவகாலம்? மாதமோ டிசம்பர். அவர் தயங்காமல் "மாரி" என்கிறார். அவர் வாழ்நாள் முழுவதும் டிசம்பர் மாரிகாலமாகத்தான் இருந்தது. சிட்னியில் அது கோடை. ஒரு புள்ளி போயிற்று. நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போகச் சொல்கிறார்கள். சந்தையில் நெல்லுக்கும் பாலுக்கும் கணக்குத் தீர்த்தவர் அவர்; ஆனால் பொருளின்றி வெறும் எண்ணைக் கழிக்கும் பயிற்சி அவருக்கு இருந்ததில்லை. பென்சிலைக் கொடுத்து, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். பென்சிலைப் பிடித்தே அறுபது ஆண்டுகள் ஆகின்றன.

இக்கேள்விகள் எம்.எம்.எஸ்.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பரிசோதனையைச் சேர்ந்தவை. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்ற மருத்துவரும் வெளியிட்ட இக்கருவி, 30 புள்ளிகள் கொண்டது. 24க்குக் கீழ் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். உலகெங்கும் பரவிய இக்கருவியால் நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பள்ளிப் படிப்பையும் மேலைநாட்டு வாழ்க்கையையும் உடன்வைத்து எழுதப்பட்டது. வயதும் கல்வியும் அதன் புள்ளிகளை மாற்றுகின்றன என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

மொழிபெயர்த்துக் கேட்டால் குறை தீர்ந்துவிடாதா என்று சிலர் வினவுவர். தீராது. அப்பரிசோதனையில் ஒரு தொடரைக் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் மூன்று இணைப்புச் சொற்களைப் பன்மையாக்கி அடுக்கிய தொடர் அது. நாவுக்குச் சற்று இடறலாக இருக்கட்டும் என்றே தெரிந்தெடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றுக்குத் தமிழில் நேர் நிற்பது "உம்" என்ற இடைச்சொல். அது தனித்து நிற்காது. மற்றொரு சொல்லோடு ஒட்டியே வரும். அதைத் தமிழாக்கினால் கிடைப்பது இடறலான தொடரன்று, பொருளற்ற ஒலி. அதேபோல, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் பகுதி, உயிர்மெய் எழுத்துகளால் ஆன தமிழில் முற்றிலும் வேறொரு வேலையாகிவிடுகிறது. சொற்களைப் பெயர்க்கலாம்; அவற்றின் கடினத்தை அதே அளவில் பெயர்க்க முடியாது.

கனடாவின் மொன்றியல் நகரில் உருவாகி 2005ஆம் ஆண்டு வெளியான மொகா என்ற பரிசோதனையும் இங்கு மிகுதியாகப் பயன்படுகிறது. தொடக்கநிலைக் குறைபாடுகளைக் கண்டறிவதில் அது கூர்மையானது. கல்விக் குறைவை ஈடுசெய்ய, 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டித் தருமாறு அதன் முதல் வெளியீடு விதித்தது. மூன்று ஆண்டுகள் படித்தவருக்கும் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவருக்கும் அதே ஒரு புள்ளி.

மேற்கு சிட்னி வாசலிலேயே உருவான கருவி

இந்தக் குறையை உணர்ந்த மருத்துவர் குழு ஒன்று சிட்னியின் தென்மேற்குப் பகுதியில் இருந்தது. பல மொழிகள் பேசும் முதியோரை நாள்தோறும் பார்த்தவர்கள் அவர்கள். பல்வேறு பண்பாடுகளைச் சேர்ந்தோரின் ஆலோசனையைப் பெற்று, எந்த மொழிக்கும் எளிதில் பெயர்க்கத்தக்க கேள்விகளை மட்டும் தெரிந்தெடுத்து அவர்கள் அமைத்த கருவியே ரூடாஸ். முதியோர் நல மருத்துவரான ரோலண்ட் என்பவரின் பெயரைத் தாங்கிய இது 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

ரூடாஸிலும் மொத்தம் 30 புள்ளிகள். கடைக்குச் சென்று வாங்க வேண்டிய சில பொருள்களை மனத்தில் வைத்திருந்து பின்னர் சொல்வதற்கு 8. தம் உடலிலும் எதிரே இருப்பவர் உடலிலும் வலம் இடம் அறிந்து காட்டுவதற்கு 5. இரு கைகளையும் மாறி மாறி அசைப்பதற்கு 2. ஓர் உருவத்தைப் பார்த்து வரைவதற்கு 3. போக்குவரத்து மிகுந்த வீதியைக் கடப்பது குறித்த கேள்விக்கு 4. ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்வதற்கு 8. இவற்றில் வாசிப்போ எழுத்தோ இல்லை. நாளும் திகதியும் கேட்கப்படுவதில்லை. மொத்தம் 22 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது வழிகாட்டல். ஆரம்ப ஆய்வில், முதியவர் பேசும் மொழியோ அவர் படித்த ஆண்டுகளோ புள்ளிகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை எனக் காணப்பட்டது.

அதுவும் குறையற்றதன்று. உருவம் வரையும் பகுதியில் பென்சில் பிடித்துப் பழகாதவர்கள் இன்றும் தடுமாறுவர். வீதியைக் கடக்கும் கேள்விக்கு, "நான் தனிய எங்கை போறன்? மகன் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவான்" என்று ஒரு தாய் பதிலளிக்கக்கூடும். எங்கள் வீடுகளில் அது உண்மையான பதில்தான். ஆனால் அது முழுப் பதிலாகாது. பரிசோதிப்பவர் "வேறு என்ன செய்வீர்கள்?" என்று தூண்டிக் கேட்க ரூடாஸ் இடமளிக்கிறது. அந்த இடத்தில் உடனிருக்கும் பிள்ளைகள் குறுக்கிடாமல் இருப்பதே நல்லது.

ஒரு சிறு எச்சரிக்கை இங்கு பொருந்தும். வாங்க வேண்டிய பொருள்கள் எவை என்பதை இக்கட்டுரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. சில பிள்ளைகள் அன்பின் மிகுதியால் கேள்விகளைத் தேடியெடுத்துப் பெற்றோருக்கு முன்கூட்டியே பழக்கிவிடுகிறார்கள். பரீட்சையில் பிள்ளைகளை வெல்ல வைத்த சமூகம் இது. பெற்றோரையும் வெல்ல வைக்க நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இங்கு கிடைக்கும் உயர்ந்த புள்ளி, தேவையான உதவியை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போடுமேயன்றி வேறு பயன் தராது.

பண்பாட்டுக்கேற்ற கருவி வேண்டும் என்ற எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் வாழும் பூர்வகுடி மக்களுக்கெனக் கிக்கா என்ற தனிக் கருவி உருவாக்கப்பட்டுள்ளது. இந்தியாவின் கொச்சி நகரில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 10/66 ஆய்வுக்குழு, வளர்முக நாடுகளில் பயன்படத்தக்க முறையைத் தேடியது. டிமென்ஷியா உள்ளோரில் 66 விழுக்காட்டினர் அந்நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாக இருந்தன. முதியவரிடம் கேட்பதோடு அவரை நன்கு அறிந்த ஒருவரிடமும் கேட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அக்குழு கடைப்பிடித்த வழி.

யார் மொழிபெயர்ப்பது?

மருத்துவரின் அறையில் பெரும்பாலும் மகளோ மருமகனோ பேரப்பிள்ளையோதான் மொழிபெயர்க்கிறார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் அது போதுமாக இருக்கலாம். இப்பரிசோதனைக்கு அது பொருந்தாது. தாய் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கும்போது "அம்மா, யோசிச்சுப் பாருங்கோ, நேற்றும் கடையிலை வாங்கினனாங்களே" என்று பிள்ளையின் வாய் தானாகத் திறந்துவிடும். தவறான விடையைச் சரிப்படுத்தி ஆங்கிலத்தில் சொல்வதும் உண்டு. அது பொய்யன்று, பெற்ற தாயைப் பிறர் முன் தாழ்த்த மனம் வராமைதான். இன்னொரு புறம், மகன் முன்னிலையில் தன் தடுமாற்றத்தைக் காட்ட விரும்பாத தந்தை, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்து மழுப்பிவிடுவார். பழகிய உபசாரமும் மரியாதைப் பேச்சும் நோய் வந்த பின்னரும் நெடுங்காலம் குலையாமல் நிற்கும். அவற்றைக் கண்டு மருத்துவரும் ஏமாறலாம்.

தகுதி பெற்ற உரைபெயர்ப்பாளர் தவறை அந்தத் தவறாகவே சொல்வார், தயக்கத்தையும் சொல்வார், சைகையால் உதவமாட்டார். ஆனால் தகுதியுள்ள உரைபெயர்ப்பாளருக்கும் முதியவரின் வட்டாரத் தமிழ் தெரிந்திருப்பது முக்கியம். மேலே குறிப்பிட்ட வன்னித் தாயிடம் விலங்குகளின் பெயர்களைக் கேட்டால், "மான், மரை, பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு, அழுங்கு" என்று காட்டையே அடுக்கிவிடுவார். மரை என்பது மானிலிருந்து வேறானது என்று அறியாத ஒருவர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஒரு புள்ளி குறையும். அழுங்கைக் கேள்விப்பட்டிராதவர் அதை விட்டுவிட்டால் இன்னொரு புள்ளி குறையும். ஆறு விலங்குகள் நான்காகிவிடும்; குறைந்தது நினைவன்று. உரைபெயர்ப்பாளரை வேண்டும்போதே இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதைக் குறிப்பிடுவது இத்தகைய இழப்புகளைக் குறைக்கும்.

ஆங்கிலம் நன்கு பேசுவோருக்கும் இக்கேள்வி எழும். பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி நிலைத்திருப்பது டிமென்ஷியா உள்ளவர்கள் பலரிடம் காணப்படுகிறது. முப்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவர் தமிழில் மேலும் தெளிவாக விடையளிக்கக்கூடும். மறுபுறம், ஆங்கிலவழியில் கற்ற மூத்த தலைமுறையினர் சிலர் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் எண்ணுவர். எம்மொழியில் வசதி என்பதை முதியவரிடமே கேட்டு முடிவுசெய்வது முறை.

வீட்டார் கவனிக்க வேண்டியது

மருத்துவர் குடும்பத்தாரிடமும் கேள்விகள் கேட்பார். அவுஸ்திரேலிய ஆய்வாளர் அந்தோனி ஜோர்ம் உருவாக்கிய கேள்விக்கொத்து ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடச் சொல்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் பெரிதும் தொந்தரவு செய்யாது. ஒருவர் அவரோடேயே ஒப்பிடப்படுகிறார்.

ஆனால் தமிழ்க் குடும்ப வாழ்க்கை இந்த ஒப்பீட்டையும் சில வேளைகளில் மறைத்துவிடுகிறது. மருமகள் அடுப்படியை ஏற்றுக்கொண்ட நாள் முதல் மாமியார் சமைக்கவில்லை. ஆகவே அவரால் சமைக்க முடியாமற் போனது யாருக்கும் தெரியவில்லை. "பணத்தை அவரே நிர்வகிக்கிறாரா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற விடை, ஒருபோதும் வங்கிப் புத்தகத்தைத் தொட்டிராத ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவர் உண்மையில் செய்துவந்த காரியங்களைப் பார்க்க வேண்டும். கைப்பழக்கமான கறிக்கு உப்பு இருமுறை விழுகிறதா? அடுப்பை அணைக்க மறக்கிறாரா? கோயிலில் செருப்பை விட்ட இடம் தெரியாமல் திகைக்கிறாரா? அரைமணி நேரத்துக்குள் அதே ஆளிடம் அதே செய்தியைப் புதிதாகச் சொல்கிறாரா? சீட்டுக் காசு கொடுத்ததா இல்லையா என்பதில் சச்சரவு வருகிறதா? "அப்பாவுக்குத் தேவாரம் முழுக்கப் பாடம், அவருக்கு மறதியா?" என்று சிலர் கேட்பர். இளமையில் மனனம் செய்தது நெடுங்காலம் அழியாமல் நிற்கும். அது பழைய நினைவுக்குச் சான்று. காலையில் மருந்து எடுத்தாரா என்பதற்குச் சான்றன்று.

நிறையப் படித்தவர்களிடம் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் பரிசோதனையில் 30க்கு 28 பெற்றுவிட்டு, அதே மாதத்தில் மின்கட்டணத்தை மூன்று முறை செலுத்தியிருக்கலாம். வீட்டார் கண்ட மாற்றத்தைப் புள்ளி பொய்யாக்கிவிடாது. அப்போது விரிவான சோதனைக்கு முதியோர் நல மருத்துவரிடமோ நினைவாற்றல் சிகிச்சை நிலையத்திற்கோ அனுப்புமாறு கேட்பது குடும்பத்தின் உரிமை.

புள்ளி குறைந்தாலும் அது டிமென்ஷியாதான் என்று முடிவுகட்டலாகாது. தைரொய்ட் குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்கமருந்துகள் ஆகியவை நினைவைக் குலைக்கும். இவற்றுள் பலவற்றைச் சீராக்கலாம். நீண்டகாலம் சைவ உணவு மட்டும் உண்போரிடம் பி12 விற்றமின் குறைவு ஏற்படலாம். அதையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்ல வேண்டும். போரையும் இழப்பையும் கண்டவர்களின் உறக்கமின்மையும் பதற்றமும் கவனத்தைச் சிதறடிக்கும். மருத்துவருக்கு அந்த வரலாறு தெரிந்திருத்தல் நல்லது. ஓரிரு நாள்களுக்குள் திடீரென வரும் குழப்பம் முற்றிலும் வேறு விடயம். சிறுநீர்த் தொற்று போன்ற நோய்களால் அது நேரலாம். அன்றே மருத்துவ உதவி பெற வேண்டும்.

புள்ளியும் கையொப்பமும்

பரிசோதனைக்குச் செல்லாமல் இருப்பதற்குப் பலர் சொல்லும் காரணம், "குறைவாக வந்தால் அவருடைய கையொப்பம் செல்லாமற் போய்விடும்" என்பது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. வயதுவந்த ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முடிவெடுக்க வல்லவர் என்பதே சட்டத்தின் தொடக்க அனுமானம். 1954ஆம் ஆண்டு கிப்பன்ஸ் எதிர் ரைட் என்ற வழக்கில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், இத்திறன் குறிப்பிட்ட அந்தக் காரியத்தைப் பொறுத்தது என்று தீர்த்தது: விளக்கிச் சொல்லும்போது அந்த ஆவணத்தின் தன்மையை அவர் புரிந்துகொள்கிறாரா என்பதே கேள்வி. 22 என்ற எண் அக்கேள்விக்கு விடையாகாது.

உண்மையான ஆபத்து தாமதத்தில்தான் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் பணத்தையும் சொத்தையும் கவனிக்க ஒருவரை நியமிக்கும் நிலைத்த அதிகாரப் பத்திரமும், மருத்துவம், வசிப்பிடம் முதலியவை குறித்து முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நிலைத்த பாதுகாவலர் நியமனமும் தனித்தனி ஆவணங்கள். இரண்டையும் புரிந்துகொள்ளும் திறன் உள்ளபோதே, சட்டம் குறிப்பிடும் தகுதியுள்ள சாட்சியின் முன் கையொப்பமிட வேண்டும். மூத்த மகன் என்ற உறவு தந்தையின் வங்கிக் கணக்கின் மீதோ வீட்டின் மீதோ எந்த அதிகாரத்தையும் தானாகத் தருவதில்லை. பத்திரம் இல்லாமல் திறன் குன்றிவிட்டால், நிதி மேலாளரை நியமிக்குமாறு மாநிலத் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பிக்க நேரலாம். பிள்ளைகளிடையே முரண்பாடு இருப்பின் அது எளிதில் முடியாது. பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க, பெற்றோர் தலையசைத்துக் கையொப்பமிடுவதும் பின்னர் வழக்குக்கு வழிவகுக்கும். சாட்சியுடனான உரையாடலுக்கும் உரைபெயர்ப்பாளரை அமர்த்துவதே பாதுகாப்பு. பொதுவான சட்டத் தகவலுக்கு 1300 888 529 என்ற எண்ணை அழைக்கலாம்.

எங்கே தொடங்குவது?

75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை மெடிகெயர் செலவில் முழுமையான உடல்நல மதிப்பீடு செய்ய இடமுண்டு. "நினைவைச் சோதிக்க வேண்டும்" என்று சொன்னாலே மறுக்கும் தந்தை, "வருடாந்தப் பரிசோதனை" என்றால் பெரும்பாலும் வந்துவிடுவார். அதில் பொய்யேதும் இல்லை. நேரம் குறிக்கும்போதே நீண்ட நேரச் சந்திப்பு வேண்டும் என்றும், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், ரூடாஸ் முறையைப் பயன்படுத்த இயலுமா என்றும் கேட்கலாம். மெடிகெயர் அட்டை உள்ளவர்களுக்கான மருத்துவச் சந்திப்புகளுக்குக் குடும்ப மருத்துவர்கள் டிஸ் எனப்படும் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை இலவசமாகப் பெறலாம். பொது மருத்துவமனைகளிலும் உரைபெயர்ப்புக்குக் கட்டணமில்லை. மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர் வெறும் வயிற்றோடு இப்பரிசோதனைக்கு அமரக்கூடாது.

தேசிய டிமென்ஷியா உதவி எண் 1800 100 500. வீட்டு உதவிகளுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் மை ஏஜ்ட் கெயார் எண் 1800 200 422. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்ற டிஸ் எண்ணை அழைத்து, "தமிழ்" என்று சொல்லி, பின்னர் இவ்விரு எண்களுள் ஒன்றோடு இணைக்கச் சொல்லலாம். நோய் உறுதியாகும் முன்பே இச்சேவைகளிடம் பேசலாம். குடும்பத்தார் மட்டும் அழைத்தாலும் போதும்.

பரிசோதனை முடிந்ததும் அதன் பிரதி ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. எந்தக் கருவி, எத்தனை புள்ளி, எம்மொழி, உரைபெயர்ப்பாளர் இருந்தாரா என்பவை அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களின் பின் அதே கருவியில், அதே மொழியில் எடுக்கப்படும் இரண்டாவது பரிசோதனையோடுதான் அதை ஒப்பிட முடியும், ஆங்கிலத்தில் எம்.எம்.எஸ்.இ. ஒருமுறையும் தமிழில் ரூடாஸ் மறுமுறையும் எடுத்த இரு எண்களை அருகருகே வைத்து, குறைந்தது என்றோ கூடியது என்றோ யாரும் சொல்ல இயலாது.